எங்கள் வீட்டுக் கமலி

கல்யாணமான புதிதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு கமலி இருந்தாள். அவளை நான் பார்த்ததில்லை. எந்த ஊர், என்ன வயசு, கல்யாணம் ஆனவளா ஆகாதவளா, ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் என்னைவிட நல்ல சிவப்பு என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என்னை மாதிரிக் கருப்பாகப் பிறந்து பாருங்கள், எல்லாம் தெரியும்.

நான் கருப்பு. மாநிறம், புதுநிறம் என்று பூசி மெழுகுகிற கருப்பு இல்லை, நல்ல கருப்பு. நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் வருத்தமெல்லாம் ஒரு சொல்லின் வாலைப் பற்றித்தான். ராஜபாளையத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் பிரியமாகத்தான் சொன்னார்கள்: “கருப்புன்னாலும் களையா இருக்கா.” பெரியம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். பெண் பார்க்க வந்து, காபியைக் குடித்துவிட்டு, போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள்கூட வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அதைச் சொன்னார்கள். அதென்ன ‘ன்னாலும்’? சிவப்பாக இருக்கிற ஒருத்தியைப் பார்த்து “சிவப்புன்னாலும் களையா இருக்கா” என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

நகை நட்டுக்கு நான் ஆசைப்பட்டதில்லை. அந்த ‘ன்னாலும்’ இல்லாமல், அழகா இருக்கே என்று யாராவது ஒருத்தர் என் காதுபடச் சொல்லிவிட வேண்டும். அம்புட்டுத்தான் என் ஆசை. அது நடக்கிற வழியைக் காணோம்.

நான் வேலை பார்த்ததோ ராஜபாளையம் பஜாரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, கிளிப், அப்புறம் முகத்தை வெளுப்பாக்குகிற கிரீம். டியூபின் மேலே ‘ஃபேர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வாங்க வருகிற அக்காமார் டியூபைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், திரும்ப டியூபைப் பார்ப்பார்கள். “நீ இத போடலியாம்மா?” என்று ஒருத்தி கேட்டே விட்டாள். “போட்டுத்தாங்க்கா இப்படி இருக்கேன். முன்ன இன்னும் கருப்பு” என்றேன். அவள் டியூபை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கடை முதலாளி, நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம், தலையில் கை வைத்துக்கொண்டு, “ஏம்மா, உன் வாயால என் யாவாரத்தக் கெடுக்கியே” என்று புலம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இவர் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். இவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். வந்த நேரத்திலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. மிக்சர் தட்டில் இருந்த கடலையை எண்ணுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய அம்மா, அதாவது என் அத்தை, என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்துவிட்டு, சத்தமாகச் சொன்னார்: “கருப்புன்னாலும் களையா இருக்கா. எனக்குப் பிடிச்சிருக்கு.” என் வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் அந்தத் தட்டை எடுத்துக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் இவர் அப்போது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ‘ன்னாலும்’ இல்லாத மாதிரி ஒரு தோற்றம். அதை நம்பித்தான் தலையை ஆட்டினேன்.

கல்யாணம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாயிற்று. தெரு முனையில் பால்கோவா கிண்டுகிற இடம். காலையில் கண் விழிக்கும்போதே சுண்டக் காய்ச்சிய பால் வாசம் வீட்டுக்குள் வந்துவிடும். வேலையை விட வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டதால் தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஒரு காலை நேரம் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். இவர் சட்டைப் பொத்தானைப் பாதி போட்டபடி பின்னால் நின்றார். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி, “கம்லி” என்றார். சொல்லிவிட்டு விறுவிறு என்று வெளியே போய்விட்டார்.

என் பெயர் கமலி இல்லை. அதற்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, ஏதோ ஞாபகத்தில் வாய் தவறிவிட்டது என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, தலைக்குக் குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது மறுபடியும், “கம்லி.” “என்னது?” என்று சட்டென்று திரும்பினேன். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றவர், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். ஒன்றுமில்லாததற்கா மனுஷன் இப்படி ஓடுவார்? அப்போதுதான் கமலி என்னைவிடச் சிவப்பு என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடிக்குள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வருகிறது என்றால் வேறென்ன அர்த்தம்?

இது போதாதென்று போனில் ஒரு கூத்து. ஒரு உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் எடுத்த என் படத்தை இவருக்கு அனுப்பியிருந்தேன். கடையில் வேலை மும்முரமாக இருக்கும்போது பதில் வந்தது. ஒரே ஒரு வார்த்தை, இங்கிலீஷில். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கோ, மெ, லி. கோமெலி. என்னோடு வேலை பார்த்த தளவாய்புரத்துப் பெண்ணிடம் காட்டினேன். அவள் காலேஜ் படித்தவள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு செத்த நேரம் பார்த்தாள்.

“அக்கா, கோமாளின்னு போட்டிருக்காரு. ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு.”

“ஏட்டி, அவிய இங்கிலீஷ் வாத்தியாரு.”

“கோபத்துல அடிச்சிருப்பாரு” என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாயால் சொல்வது வேறொருத்தி பெயர், போனில் போடுவது கோமாளி. என்னைப் பார்க்க அப்படியா இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்பது மாதிரி கேட்டேன். “அத்தை, நம்ம சொந்தத்துல கமலின்னு யாரும் இருக்காவளா?”

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “கமலியா? அப்படி யாரும் இல்லையே. எதுக்குட்டி கேக்க?” நான் ஒன்றுமில்லை என்றேன். அத்தைக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இவர் இலையில் ரசத்தை ஊற்றிப் பிசையும் நேரம் பார்த்து, கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏலே, கமலின்னு எவல அவ?”

இவருக்குப் புரையேறிவிட்டது. நான் தண்ணீர் கொடுக்கவில்லை. அத்தைதான் கொடுத்தார், கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டார். “உம் பொண்டாட்டியப் பாத்து நெதமும் கமலி கமலிங்கியாமே. கட்டுன நாலு மாசத்துல இதென்னல கூத்து?”

இவர் என்னைப் பார்த்தார். அந்த முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. “அது பேரு இல்லம்மா. இங்கிலீஷ் வார்த்தை.”

“இங்கிலீஷா? என்ன அர்த்தம்?”

இவர் ரசத்தைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். “சரி... சரின்னு அர்த்தம்மா.”

“சரின்னு சொன்னதுக்கா இவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா? நல்ல ஆளுங்கட்டி நீங்க” என்று அத்தை சிரித்துவிட்டு மோரை எடுக்கப் போய்விட்டார். அவரளவில் விவகாரம் முடிந்தது. முடிந்ததோடு இல்லை, அந்த வார்த்தை அவருக்குப் பிடித்துப் போயிற்று. சாயங்காலம் பால்காரர் வந்து, “நாளைக்கு வெள்ளனா வரட்டுமா?” என்று கேட்டதற்கு, “கம்லி கம்லி” என்றார். பால்காரர் ஒன்றும் புரியாமல் போனார்.

எனக்கு விவகாரம் முடியவில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் இவரையும் மேலே கூப்பிட்டேன்.

“சரிங்கதுக்கு ஓக்கேம்பாவ. எங்க கடையில நாள் பூரா சொல்லுதோம். எனக்கே காது குத்தப் பாக்கியளா? அது கெடக்கட்டும். போன்ல எதுக்கு என்னையக் கோமாளின்னு போட்டிய?”

“கோமாளியா? நான் எப்பப் போட்டேன்?”

போனை எடுத்து நீட்டினேன். இவர் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், தண்ணித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவருக்கு இவ்வளவு பல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஏட்டி, ரெண்டும் ஒண்ணுதான்ட்டி. எழுதுனா கோன்னு ஆரம்பிக்கும், வாயில கன்னு வரும். கம் ஹியர்னு சொல்லுதோம்ல? கோம் ஹியர்னா சொல்லுதோம்? அந்த மாதிரி.”

கமலியும் கோமாளியும் ஒரே ஆள்! எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. “சரி, அர்த்தத்தச் சொல்லுங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. கீழே போனார். ஒரு தடி அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தைப் புரட்டி, ‘comely’ என்ற வார்த்தைமேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். பார்வைக்கு இனிய, எழில் வாய்ந்த என்று தமிழில் போட்டிருந்தது.

“இது யாருக்கு?”

“உனக்குத்தான்.”

நான் அந்த வரியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். எந்த மூலையிலும் ‘ன்னாலும்’ இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் பேராசை யாரை விட்டது? “அச்சடிச்சத நான் வாசிச்சுக்கிட்டேன். நீங்க வாயால சொல்லுங்க. தமிழ்ல.”

வாயைத் திறந்தார். மூடினார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “தமிழ்ல சொல்ல வெக்கமா இருக்கு.”

“பொண்டாட்டிகிட்ட என்ன வெக்கம்?”

“தமிழ்ல சொன்னா நெசமாச் சொன்ன மாதிரி ஆயிரும்ட்டி.”

“அப்ப இங்கிலீஷ்ல சொன்னது பொய்யா?”

“பொய்யில்ல. இங்கிலீஷ்ல சொன்னா சொல்லிட்டு ஓடிரலாம்” என்றார். சொல்லிவிட்டு, நிஜமாகவே படிக்கட்டைப் பார்த்தார்.

அப்போது எனக்குப் பொங்கிவிட்டது. ‘ன்னாலும்’ கதை முழுவதையும் கொட்டித் தீர்த்தேன். பெரியம்மா, டீச்சர், காபி குடித்துப் போனவர்கள், அவருடைய அம்மா உட்பட ஒருத்தரையும் விடவில்லை. தமிழில், வாலில்லாமல், ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னேன். இவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார். மண்டையில் ஏறியதா, காற்றோடு போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை. துணியை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு தமிழ் வரவில்லையே தவிர, இங்கிலீஷ் வரிசையாக வந்தது. அதுவும் எப்படிப்பட்ட இங்கிலீஷ்! பழைய கதைப் புத்தகங்களை வாசித்து வாசித்து இவர் பிடித்து வைத்திருந்த வார்த்தைகள். “இப்ப இங்கிலீஷ்காரங்களே இதெல்லாம் அதிகமாச் சொல்லுததில்ல” என்று பெருமையாகச் சொன்னார். “வெள்ளக்காரன் வேண்டாம்னு கழிச்சுப் போட்டதப் பொறுக்கிட்டு வந்தா எனக்குக் குடுக்கிய?” என்றேன். “பழசுன்னா மட்டமாட்டி? பித்தளைப் பாத்திரம் மாதிரி, தேய்ச்சாப் பளிச்சுன்னு இருக்கும்” என்றார். அது நல்ல பதில்தான். அவரிடம் சொல்லவில்லை.

ஒருநாள் என்னைப் பார்த்து ஹேண்ட்சம் என்றார். “நான் என்ன ஆம்பளையா?” என்று சண்டைக்குப் போனேன். அந்தக் காலத்தில் கம்பீரமான பொம்பளையையும் அப்படிச் சொல்வார்களாம். இன்னொரு நாள் பல்க்ரிட்யூட் என்று ஒன்றை எடுத்துவிட்டார். அழகு என்றுதான் அதற்கும் அர்த்தமாம். பல் பிடுங்குகிற இடத்துப் பெயர் மாதிரி இருக்கிறது, இதை என்மேல் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

‘ஃபேர்’ என்று சொன்ன அன்றுதான் நிஜமான சண்டை. என் டியூபில் இருக்கிற அதே வார்த்தை. நக்கலா என்று கத்திவிட்டேன். இவர் அவசரமாக அகராதியைத் தேடி ஓடினார். முதலில் அந்த வார்த்தைக்கு அழகு என்றுதான் அர்த்தமாம், வெளுப்பு என்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதாம். “அழகுங்க வார்த்தைய வெளுப்புக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க, அம்புட்டுத்தான்” என்றார். மறுநாள் கடையில் அந்த டியூபை எடுத்து அடுக்கும்போது எனக்கு அதன்மேல் பழைய பயம் இல்லை. எங்கள் ஆள் ஒருத்தியை யாரோ பிடித்து வைத்திருக்கிற மாதிரிதான் தோன்றியது.

பிறகு போனி விஷயம். அது அழகுக்கு இன்னொரு பழைய வார்த்தை. ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு என்று என்னோடு ராஜபாளையம் வந்தார். பாய் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே விளக்கைப் போட்டிருந்தார். நான் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு கல்லாப் பக்கம் போனேன். இவர் பக்கத்தில் வந்து காதோரம், “போனி” என்றார்.

பாய்க்குப் பாம்புக் காது. கடைக்காரர் காதில், அதுவும் காலையில், அந்த வார்த்தை எப்படி விழும்? அன்றைய முதல் வியாபாரத்துக்கு எங்கள் பஜாரில் போணி என்றுதானே பெயர்.

“மாப்ள! பிஸ்மில்லா சொல்லிக் கடையத் தெறந்து வாய மூடல, நீங்களே போணிங்கிய. கைராசியான ஆளுல்லா! என்ன வேணும், எடுங்க எடுங்க!”

“இல்ல பாய், நான் அதச் சொல்லல.”

“பொறவு எதச் சொன்னிய?”

இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றாரே, ஓடட்டுமே! முதல் போணியை மறுத்துவிட்டுக் கடையிலிருந்து இறங்க முடியாது என்பது பாடம் நடத்துகிற வாத்தியாருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் கையை நீட்டினார். அது மஞ்சள் கண்ணாடி வளையல் வரிசை, பளீரென்ற மாம்பழ மஞ்சள். தளவாய்புரத்துப் பெண் வெள்ளந்தியாக, “சார், அக்கா நிறத்துக்கு மஞ்சள் எடுபடாது” என்றாள். அவளும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு எல்லோரும் சொன்னதுதான் அது. மங்கலான நிறங்களாக வாங்கி வாங்கியே என் பீரோ மழைக்கால வானம் மாதிரி இருந்தது.

“எடுபடும்” என்றார் இவர்.

ஒரே வார்த்தை. தமிழ் வார்த்தை. நான் கூரையிலிருந்து கண்ணை இறக்கி இவரைப் பார்த்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வளையலைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வளையல் இருந்தால் அதற்குச் சேலை வேண்டாமா? நானே போய் மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டு எடுத்தேன். எடுத்துவிட்டு, கட்டத் தைரியமில்லாமல் பீரோவில் வைத்திருந்தேன். தளவாய்புரத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. எடுபடாது என்று சொன்னவள் கல்யாணத்துக்கே கட்டுவது என்று முடிவு பண்ணினேன்.

அன்று காலையில் மஞ்சள் பட்டும் மஞ்சள் வளையலுமாக அறையை விட்டு வெளியே வந்தேன். இவர் பார்த்தார். வாய் அசைந்தது. பக்கத்தில் அத்தை பூவை அளந்து நறுக்கிக்கொண்டிருந்ததால் ஒன்றும் வரவில்லை. ஒரு கம்லிகூட இல்லை! எனக்குச் சுருக்கென்று இருந்தது. இன்றைக்கும் இல்லையென்றால் என்றைக்கு? ராஜபாளையம் வருகிறவரை பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மஞ்சள் எடுபடவில்லையோ என்ற பழைய பூச்சி உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது.

ராஜபாளையத்தில் இறங்கித் தளவாய்புரம் பஸ் மாறினோம். முகூர்த்த நாள், கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். நானும் அத்தையும் முன்பக்கம் பெண்கள் சீட்டில் இடம் பிடித்துவிட்டோம். இவர் பின்வாசல் பக்கம் நசுங்கிக்கொண்டு நின்றார். பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே கண்டக்டர் எங்களிடம் வந்து டிக்கெட் கேட்டார். தான் மூன்று பேருக்கும் வாங்கிவிட்டதைச் சொல்ல வேண்டும் இவருக்கு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூச்சம். ‘இந்தா’ என்றால் பாதி பஸ் திரும்பும். கம்லி என்றால் நான் மட்டும்தான் திரும்புவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதோடு காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது போல.

“கம்லி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், பஸ்ஸே அதிர்ந்தது.

எனக்கு முன் சீட்டிலிருந்து ஒரு அம்மா வெடுக்கென்று திரும்பினார். நரைத்த கொண்டை, மடியில் கொய்யாப்பழக் கூடை, என்னைவிட ஒரு பிடி கூடுதலாகவே கருப்பு.

“எவன்யா அவன் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுதவன்? எம் புருசன்கூட என்னைய ஒருநாள் கமலின்னு கூப்பிட்டதில்ல!”

அத்தனை நாளும் நான் சிவப்பாக நினைத்து வயிறெரிந்த கமலி! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

“அவன் எம் மவன்மா. பொண்டாட்டியக் கூப்பிட்டான்” என்று அத்தை சமாதானம் சொன்னார்.

“அவ பேரும் கமலியா?”

அத்தைக்குப் பொய் வராது. “இல்லையே.”

அவ்வளவுதான், பஸ்ஸில் நாலா பக்கமும் தலைகள் திரும்பின. “என்ன வாத்தியாரே, சங்கதி என்ன?” என்று பின்னால் ஒரு குரல். இவர் பதறிப்போய், “அது பேரே இல்லைங்க, இங்கிலீஷ் வார்த்தை” என்றார். அத்தை உடனே கையைத் தூக்கிச் சாட்சி சொன்னார்: “ஆமாம்மா, சரின்னு அர்த்தம்!”

“சரின்னா?” என்றார் கண்டக்டர். “இந்தப் பஸ்ஸுல ரைட் குடுக்க நான் ஒருத்தன் இருக்கேன்லா? இவரு யாரு நடுவுல?” சத்தம் கேட்டு டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். பஸ் கப்சிப் என்று ஆகிவிட்டது. எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். ஓடுவதற்கு வழியில்லை, வாசல் முழுக்கக் கூட்டம். நான் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

இவர் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “சரின்னு அர்த்தமில்ல. அழகா இருக்கான்னு அர்த்தம்.” இன்னொரு கையால் என் பக்கம் காட்டினார். “எம் பொண்டாட்டி அழகா இருக்கா. அதத்தான் சொன்னேன்.”

தமிழில், பஸ் கேட்க. கண் நிறைந்துவிட்டது. பின்பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். கமலியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பின்ன? இல்லாததையா சொல்லிட்டாரு?” என்று ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. மகன் சொன்னதற்குத் தானும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாமா? “ஆமாம்மா, எம் மருமவ கருப்புன்னாலும்...”

“அம்மா!” என்றார் இவர் பின்னாலிருந்து. “அந்த ‘ன்னாலும்’ வேண்டாம்.”

“என்னதுல?”

“கருப்புன்னாலும்னு சொல்லாதம்மா. அந்த ‘ன்னாலும்’ இல்லாமச் சொல்லு.”

மொட்டை மாடியில் நான் கொட்டியது காற்றோடு போகவில்லை. ஒரு எழுத்து சிந்தாமல் வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.

அத்தைக்குக் குழப்பம். “அது இல்லாம எப்படில சொல்ல?” என்று நிஜமாகவே கேட்டார். பாவம், அந்த இரண்டும் அவர் வாயில் ஒட்டியே வளர்ந்தவை. கமலியம்மாதான் எடுத்துக் கொடுத்தார். “கருப்பா, களையா இருக்கான்னு சொல்லுங்க மதினி. அது போதும்ல.”

அத்தை என் பக்கம் திரும்பினார். நாலு வீட்டில் பெண் பார்த்துப் பழகிய அந்தக் கண்ணால் என் முகத்தையும் மஞ்சள் சேலையையும் நிதானமாகப் பார்த்தார். “கருப்பா...” என்று ஆரம்பித்து ஒரு கணம் நிறுத்தினார். “களையா இருக்கா எம் மருமவ.” சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியம். “அட, ஆமட்டி! நல்லாத்தான் இருக்கு.”

கண்டக்டர் கையைத் தட்டி, “ஆச்சா எல்லாம்? ரைட்!” என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அத்தை என் கன்னத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, “ஏட்டி, இப்பப் போதுமா?” என்று கேட்டார்.

“கம்லி அத்தை” என்றேன்.